கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தையல் வேலை நடப்பது எப்படி?

கேள்வி இது: குழந்தைக்கு ஏழு மாதம். பிளவுஸ், சுடிதார் தைக்கத் தெரியும், கை எம்பிராய்டரியும் வரும். ஆனால் வெட்டிப் போட்ட துணி மூன்று மாதமாக மெஷின் மேலேயே கிடக்கிறது. குழந்தை தூங்கும்போது உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறது. தையலுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி?

முதலில் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 4 முதல் 11 மாதம் வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேட்க நிறைய இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி இரவில் போய்விடும். பகலில் இரண்டு மூன்று தவணையாகத் தூங்கும். ஒரு தவணை ஒன்றரை மணி நேரமும் நீளும், இருபது நிமிடத்திலும் முடிந்துவிடும். எந்தத் தவணை எப்படி அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதே நேரத்தில்தான் நீங்கள் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், சற்றுப் படுக்கவும் வேண்டும். ஆகவே தையலுக்கு என்று நம்பக்கூடியது இருபது நிமிடத் துண்டு ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

தையல் கற்றுக்கொள்ளும்போது வெட்டுவதில் தொடங்கி கொக்கி வைப்பதுவரை ஒரே மூச்சில் முடிக்கப் பழகியிருப்போம். அந்தப் பழக்கத்தோடு இருபது நிமிடத்தில் உட்கார்ந்தால், மெஷின் மூடியைத் திறந்து, நூல் கோத்து, பாபின் (அடிநூல் சுற்றும் சிறு உருளை) சுற்றி, சாக்பீஸ் கோடு எங்கே என்று தேடுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். எடுத்து வைக்க இன்னும் ஐந்து நிமிடம். துணி மூன்று மாதம் கிடப்பதற்குக் காரணம் இதுதான். இன்னும் நேரம் தேடிப் பயனில்லை. வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் உட்கார்ந்த உடனே தொடங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும்.

தையல் வேலையில் மூன்று வகை உண்டு. அளவெடுத்து வெட்டுவது ஒன்று, மெஷின் வேலை ஒன்று, கை வேலை ஒன்று. மூன்றுக்கும் வேண்டிய கவனம் வேறு, இடம் வேறு. அதனால் நேரத்தையும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும்.

வெட்டும் வேலையைக் குழந்தையின் தூக்கத்தில் வைக்காதீர்கள். பாதி வெட்டில் எழுந்து போய்த் திரும்பி வந்தால் கணக்கு தவறும், தவறாக வெட்டிய துணி திரும்ப வராது. வாரத்தில் ஒரு நாள், வீட்டில் வேறொருவர் இருக்கும்போது, ஒரு மணி நேரம் குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு இரண்டு மூன்று உடுப்புகளைச் சேர்த்து வெட்டுங்கள். குழந்தை பக்கத்து அறையில் இருந்தால் காது அங்கேயே இருக்கும், ஆகவே வெளியே போவது முக்கியம். லைனிங் துணியை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தித் தேய்த்து வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, வெளித்துணி உப்பிக்கொண்டு நிற்கும்.

வெட்டி முடித்ததும் ஒவ்வொரு உடுப்பையும் தனிப் பையில் போடுங்கள். வெளித்துணி, லைனிங், கைகள், பட்டி, பைப்பிங்குக்கு (கழுத்தோரத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய விளிம்பு) குறுக்கு வாட்டில், அதாவது மூலைவாட்டில் வெட்டிய பட்டை, கொக்கிகள், நிறம் பொருந்திய நூல், அளவுச் சீட்டு எல்லாம் அதே பைக்குள். சாக்பீஸ் கோடு நாளாக நாளாக அழிந்துவிடும். தைக்கப் பல வாரம் ஆகும் என்றால் டாட் (உடம்புக்குப் பொருந்தத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) கோடுகளை வேறு நிற நூலில் ஓடுதையலாகப் போட்டுவிடுங்கள், பொருந்த வேண்டிய இடங்களில் 3 மி.மீ. அளவுக்குச் சின்ன வெட்டு கொடுங்கள். துணியின் உட்புறம் எது என்று எல்லாத் துண்டிலும் குறியுங்கள். கையில் முன்பக்கம் எது என்றும் குறியுங்கள். முன்பக்க வளைவு ஆழமாக இருக்கும், நிதானமாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஆனால் இரவு பத்து மணிக்கு, பாதித் தூக்கத்தில் தெரியாது. இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாக முடிவது விட்டுவிட்டுத் தைப்பவர்களுக்கு நேரும் முதல் விபத்து.

ஏற்கெனவே வெட்டி வைத்திருப்பது உங்களுக்கான பிளவுஸ் என்றால் தொடங்கும் முன் அளவை மறுபடி எடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மாதத்துக்கு மாதம் உடம்பு மாறும். பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் மார்பளவு ஒன்றாக இருக்காது. பால் நிறைந்திருக்கும்போது எடுத்த அளவில்தான் தைக்க வேண்டும். இறுக்கமான பிளவுஸ் மார்பை ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே பால் கட்டிக்கொள்ளும். பக்கத் தையலில் இரண்டு அங்குலம் ஒதுக்குத் துணி விடுங்கள், பிரித்துப் பெரிதாக்கவும் பிடித்துச் சிறிதாக்கவும் இடம் இருக்கும். கொக்கி முன்பக்கம் இருக்கட்டும்.

இனி மெஷின். மூன்று மாதம் ஓடாத மெஷின் என்றால் எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு விட்டு, நூல் இல்லாமல் சிறிது நேரம் ஓட்டி, பிறகு கந்தல் துணியில் ஓட்டுங்கள். நேராகப் பிளவுஸில் இறங்கினால் முதல் தையலிலேயே எண்ணெய்க் கறை விழும். பாபின் நான்கைந்தைக் கூடுதலாக வாங்கி, கறுப்பு, வெள்ளை, சந்தன நிறம் என்று அடிக்கடி பயன்படும் நூல்களைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நூல் மெஷினில் இருக்கும் நாளில் வீட்டிலுள்ள கறுப்பு நூல் வேலைகளை எல்லாம் முடியுங்கள்: பிளவுஸின் டாட், கணவர் பேன்ட்டின் பிரிந்த தையல், பையின் பிடி. நூல் மாற்றுவது குறைந்தாலே பாதி நேரம் மிஞ்சும். ஊசியும் துணிக்கு ஏற்றதாக இருக்கட்டும். மெல்லிய பட்டுக்கும் வாயில் என்ற மெல்லிய துணிக்கும் 11-ஆம் எண், சாதாரணப் பருத்திக்கு 14, கனத்த துணிக்கு 16. தவறான ஊசியில் தையல் தாவும், பிறகு இருபது நிமிடமும் பிரிப்பதில் போகும்.

அவசரத்தில் அதிகம் நடப்பது இன்னொன்று. துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நிற்கும். பாபினில் குறை என்று நினைத்து அதையே நோண்டுவோம். பெரும்பாலும் காரணம் மேல் நூலில்தான் இருக்கும். பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) கீழே இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் அது சரியாக உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல் நூலை முழுதாக மறுபடி கோத்துப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் ஊசி, அதன் பிறகு பாபின்.

ஒரு லைனிங் பிளவுஸில் எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்பது தெரிந்தால் இருபது நிமிடம் போதுமானதாகிவிடும். வெளித்துணியையும் லைனிங்கையும் ஓரத்தில் சேர்த்து ஓட்டுவது ஒரு தவணை. டாட் பிடிப்பது ஒரு தவணை. கொக்கிப் பட்டியும் வளையப் பட்டியும் ஒரு தவணை. ஷோல்டர் இணைப்பது ஐந்து நிமிடம், அதை எதோடு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கெடுதி இல்லை. கழுத்து அப்படியல்ல. பைப்பிங் பட்டை குறுக்கு வாட்டில் வெட்டியது. பாதி தைத்த நிலையில் தொங்கிக்கொண்டிருந்தால் தன் எடையிலேயே நீண்டுவிடும், மீதியைத் தைத்ததும் கழுத்து அலையலையாக நிற்கும். அதற்கு நாற்பது நிமிடம் உறுதியாகக் கிடைக்கும் நாளுக்குக் காத்திருங்கள். கை ஏற்றுவதையும் இரண்டு கைக்கும் ஒரே அமர்வில் செய்துவிடுங்கள். ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த வாரமும் ஏற்றினால் துணியை உள்ளே தள்ளிக்கொடுக்கும் பழக்கம் மாறி, ஒரு தோளில் சுருக்கம் விழும்.

தைத்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை அழுதால் துணியை இழுத்து வெளியே எடுக்காதீர்கள். ஊசி துணிக்குள் இறங்கியபடி, ஃபுட்டும் கீழே இருக்கட்டும். மோட்டார் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்து போங்கள். திரும்பி வந்தால் விட்ட தையலிலேயே தொடங்கலாம். ஆனால் இரவு முழுவதும் அப்படி விடக் கூடாது, பட்டில், துணியை நகர்த்தும் அடிப்பற்களின் தடம் பதிந்துவிடும். எழுந்து போகும்போது அடுத்து என்ன வேலை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 'இடது கை, முன்பக்க வெட்டை ஷோல்டருக்கு முன்னால் பொருத்து' என்பதுபோல. மூன்று நாள் கழித்துத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் நேரம் மிச்சமாகும். இதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லும் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இந்த ஒரு வரிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மெஷின் ஓடும் சத்தத்தில் குழந்தை சிணுங்குவது காதில் விழாது. அதனால் குழந்தை கண்ணில் படும் இடத்தில் மெஷினைப் போடுங்கள். அதிர்வு தரையில் பரவாமல் இருக்க ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே கனத்த ரப்பர் துண்டு வைக்கலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்வது எந்த வயதிலும் கூடாது. சிசேரியன் ஆனவர்கள் பெடல் மெஷின் மிதிக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கை வேலைதான் இந்தக் காலத்துக்கு மிகவும் ஒத்துவருவது. அதை மணிக்கணக்கில் அளக்காமல் நூல் கணக்கில் அளந்து பாருங்கள். ஒரு முழ நூல், ஏறக்குறைய 45 செ.மீ. அதற்கு மேல் நீளமாக எடுத்தால் சிக்கு விழும், துணியில் ஏறி இறங்கியே நூல் தேயும். ஒரு முழ நூலில் சுமார் ஒரு சாண் ஹெம்மிங் வரும். ஒரு நூல் முடிந்ததும் முடிச்சுப் போட்டு நிறுத்தலாம், எந்த நேரத்திலும் வேலை முழுமையான நிலையில் இருக்கும். காலையிலேயே நான்கைந்து ஊசியில் நூல் கோத்து ஒரு கம்பளித் துண்டில் வரிசையாகக் குத்தி, மூடியுள்ள டப்பாவில் வைத்துவிட்டால் உட்கார்ந்த நொடியே தைக்கத் தொடங்கலாம்.

சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது இதற்கென்றே அமைந்த வேலை. ஃபால்ஸ் துணியை ஊறவைத்து உலர்த்தித் தேய்த்த பிறகே வையுங்கள், இல்லாவிட்டால் துவைத்ததும் சேலையின் கீழ் ஓரம் சுருங்கி நிற்கும். உள் முந்தியிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்கி, கரையோடு ஒட்டிய ஓரத்தை முதலில் முடியுங்கள். மேல் ஓரத்தைத் தைக்கும் முன் சேலையைக் கட்டிலில் பரப்பிக் கையால் நீவி, ஒரு முழத்துக்கு ஒரு இடம் ஓடுதையலில் நிறுத்திக்கொள்ளுங்கள். சேலையில் ஒன்றிரண்டு இழைகளை மட்டும் எடுத்தால் வெளிப்பக்கம் புள்ளிகூடத் தெரியாது. நூலை இறுக்கி இழுத்தால் சுருக்கம் விழும். கொக்கி வைக்கும்போது ஒரு கொக்கிக்கு ஒரு நூல் என்று தனித்தனியாக முடிச்சுப் போடுங்கள். ஒரே நூலை எல்லாக் கொக்கிக்கும் ஓட்டினால் வேலை வேகமாகப் போகும்தான், ஆனால் ஒன்று அறுந்தால் பக்கத்தில் உள்ளதும் தளரும்.

எம்பிராய்டரியில் தையலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காம்புத் தையல், பின் தையல், ஓடுதையல் ஆகியவற்றை எங்கே விட்டாலும் பிரியாது. சங்கிலித் தையலில் கடைசிக் கண்ணியைச் சின்னத் தையலால் கட்டாமல் விட்டால், குழந்தை நூலை ஒரு இழுப்பு இழுத்ததும் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வரும். கிராஸ் ஸ்டிச்சில் வரிசையை முடித்துவிட்டுப் படத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு எழுந்திருங்கள். ஆறு இழை நூலை இரண்டிரண்டாகப் பிரித்து முழ அளவில் வெட்டி வைக்கும் வேலையைக் குழந்தை பக்கத்தில் விளையாடும்போதும் செய்யலாம், ஊசி தேவையில்லை. வேலை முடிந்ததும் துணியை மாட்டியிருக்கும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், நாள்கணக்கில் மாட்டி வைத்தால் துணியில் வட்டத் தடம் பதியும். சட்டத்தில் துணியைக் கட்டிக் கொக்கி ஊசியால் செய்யும் ஆரி வேலையை மட்டும் குழந்தைக்கு மூன்று வயதாகும்வரை தள்ளிவைப்பது நல்லது என்பேன். கட்டில்போல் விரித்துக் கட்டிய சட்டத்தைத் தினமும் கழற்றி மாட்ட முடியாது. அதன் அடியில் தவழும் குழந்தையையும் சிதறும் பாசிமணி, சம்கியையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கவும் முடியாது.

பால் கொடுக்கும்போது ஊசி கையில் இருக்கக் கூடாது. இரவு வேலைக்கு வெளிர்நிறத் துணியை ஒதுக்குங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலை இரவு விளக்கில் பார்த்துத் தைத்தால் கண் எரியும், மறுநாள் பிரிக்கவும் நேரும்.

குழந்தை ஒன்பது மாதத்தை நெருங்கும்போது கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கத் தொடங்கும். அதுவரை தரையில் தப்பிக் கிடந்த குண்டூசி அதன் பிறகு நேராக வாய்க்குப் போகும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து தைக்கும் வழக்கத்தை விட்டு மேசைக்கு மாறுங்கள். குண்டூசிக்குப் பதில் பெரிய துணிக் கிளிப். ஊசிகளை எண்ணி வையுங்கள்: டப்பாவில் பத்து என்றால் எழும்போதும் பத்து. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை குழந்தையைத் தரையில் விடாதீர்கள். பெரிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றித் தரையில் இழுத்தால் உலோகத் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும். சின்னச் சின்ன வலுவான காந்தங்களை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடலில் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைக்கும். கிளிப் விளக்கில் வரும் பட்டன் பேட்டரி அதைவிட அவசர ஆபத்து. தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஊசியோ பேட்டரியோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெடல் மெஷினில் எழும்போது பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து நழுவ விட்டுவிடுங்கள். தவழும் குழந்தை மிதியை அழுத்தினால் சக்கரம் சுழலும், விரல் பெல்ட்டுக்குள் போகும். இஸ்திரிப் பெட்டி அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும், அதன் ஒயர் தொங்கவே கூடாது. தேய்க்கும் வேலையை எல்லாம் சேர்த்து, வெட்டும் நாளிலேயே முடித்துவிடுங்கள்.

குழந்தைக்கென்று தைப்பதாக இருந்தால் லங்கோட்டில் தொடங்கலாம். பழைய மெல்லிய வேட்டி, இரண்டு மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ளது, 60 செ.மீ. சதுரமாக ஆறு துண்டு தரும். நான்கு ஓரமும் மடித்து அடித்தால் முடிந்தது, எங்கே விட்டாலும் விட்ட இடத்தில் தொடரலாம். ஜப்லாவுக்கு பட்டன் வேண்டாம், கழுத்தில் கயிறும் வேண்டாம். கையுறை, காலுறை தைத்தால் உட்புறம் திருப்பித் தொங்கும் நூலை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஒரு நூல் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்றே வெளியிலிருந்து தெரியாது. வீட்டுப் பெரியவர்கள் கடுகுத் தலையணை தைக்கச் சொல்லலாம். ஒரு வயதுக்கு முன் தலையணையும் தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையும் வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தையல் பிரிந்து கடுகு கொட்டினால் மூச்சுக்குழாயில் போகும் ஆபத்தும் உண்டு. பழைய சேலைகளை அடுக்கித் தைத்த மெத்து விரிப்பு விளையாட மட்டும் இருக்கட்டும்.

வெளியாருக்குத் தைத்துக் கொடுப்பதாக இருந்தால் நாள் சொல்வதில்தான் சிக்கல் வரும். குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டுத் தேதி கொடுங்கள். அரசு அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிக்கு முதல் ஓரிரு நாளில் காய்ச்சல் வரலாம். ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை ஊசிக்கோ, ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வருவதும் உண்டு. ஊசி போட்ட வாரம் நன்றாகப் போனது என்று நம்பி அடுத்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குப் படும் நாளை இரண்டால் பெருக்கிச் சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கான பிளவுஸை இந்த ஒரு வருடம் ஏற்காதீர்கள், அந்தத் தேதி யாருக்காகவும் நகராது. ஃபால்ஸ், ஹெம்மிங், கொக்கி, உயரம் குறைப்பது போன்ற வேலைகளை எடுங்கள். கூலி குறைவுதான். ஆனால் கூடுதல் துணி வெட்டும் வேலை இல்லை, மார்பளவில் பிழை வர வழியில்லை, பாதியில் எழுந்து போனாலும் சேலை சேலையாகவே இருக்கும்.